பேட்மேனிடம் பணம் இல்லையென்றால் என்ன?

கேள்வி: எனக்கு வயது 43. இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் வேலை. சிறுவயதில் இரும்புக்கை மாயாவி, கல்லூரி நாட்களிலிருந்து மார்வெல், டிசி என்று அமெரிக்க நிறுவனங்களின் காமிக்ஸ் படித்து வருகிறேன். இப்போது வருகிறவற்றைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் கல்யாணத்தை அழித்தார்கள். மிஸ் மார்வெலாக வரும் கமலா கானைக் கொன்றார்கள். ஏன் என்று கேட்பதற்குள் உயிர்ப்பித்தும் விட்டார்கள். ஆந்தைகளின் நீதிமன்றம் கதையோடு பேட்மேனும் முடிந்துவிட்டார் என்பது என் கருத்து. எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்காவின் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தீபாவளிக் காசில் 'அப்சல்யூட் பேட்மேன்' முதல் தொகுப்பை வாங்கி வந்தான். கோடீஸ்வரரான பேட்மேன் அதில் ஏழை! "இது பேட்மேனே இல்லை" என்று சாப்பாட்டு வேளை முழுவதும் அவனுக்கு விளக்கினேன். "உங்களுக்கு வயதாகிவிட்டது மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அன்று முதல் என்னிடம் காமிக்ஸ் பற்றிப் பேசுவதே இல்லை. நான் சொன்னதில் என்ன தவறு? புதிய இதழ்கள் வாங்குவதை நிறுத்திவிடலாமா? டிரங்குப் பெட்டி நிறையப் பழைய இதழ்கள் கிடக்கின்றன, விற்றுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அயனாவரம்

பதில்: உங்கள் மூன்று புகார்களில் இரண்டு நியாயமானவை. மூன்றாவதில் பையன் பக்கம்தான் நான்.

கமலா கான் விஷயத்தில் உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. 2014-ல் தனி இதழ் கண்ட பெண் அவள். ஜெர்சி சிட்டியில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம், இரவில் வெளியே போகக் கூடாது என்னும் அம்மா, பள்ளி, மசூதி என்று அவளுக்கென்று ஓர் உலகம் இருந்தது. 2023 மே மாதம் அவளைச் சாகடித்தது ஸ்பைடர்மேன் இதழில். இரண்டே மாதத்தில் எக்ஸ்மென் இதழில் மியூட்டன்டாக, அதாவது பிறவியிலேயே சக்தி உள்ளவளாக, எழுப்பி உட்கார வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் திரைத்தொடரில் அவளை மியூட்டன்ட் என்று கோடி காட்டியிருந்தார்கள். திரைக்கு ஏற்பத் தாளைத் திருத்த ஒரு சாவு தேவைப்பட்டது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். சாவை இப்படிக் காகிதக் கணக்காக்கினால் வாசகருக்கு அழுகை எங்கிருந்து வரும்?

ஆனால் இது இன்று தொடங்கிய வழக்கமும் இல்லை. 1992-ல் சூப்பர்மேன் செத்தார், அடுத்த ஆண்டே திரும்பினார். 2007-ல் செத்த கேப்டன் அமெரிக்கா 2009-ல் வந்தார். 1988-ல் பேட்மேனின் துணையாளாக வந்த இரண்டாவது ராபினான ஜேசன் டாட் இருப்பதா சாவதா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்க வைத்தார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். 72 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு பையனின் உயிர் போனது. நம் ஊர் வார்டு தேர்தலாக இருந்திருந்தால் மறு எண்ணிக்கையாவது கேட்டிருப்பார்கள். அவனும் 2005-ல் எழுந்து வந்துவிட்டான். எனவே எந்தச் சாவையும் நம்பித் துக்கம் காக்காதீர்கள்.

பீட்டர் பார்க்கரின் கல்யாணம் இன்னும் ஆறாத புண். 1987-ல் மேரி ஜேனைக் கைப்பிடித்தார். 2007-ல், சாகக் கிடந்த மே அத்தையைக் காப்பாற்றப் பேயோடு ஒப்பந்தம் போட்டு அந்தக் கல்யாணமே நடக்காததாக ஆக்கிவிட்டார்கள். இருபது வருடம் குடும்பம் நடத்தியவரை ஒரே இதழில் கட்டைப் பிரம்மச்சாரி ஆக்கியதை நியாயப்படுத்த நான் வரமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2024 ஜனவரியில் ஜொனாதன் ஹிக்மேன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரையத் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' படித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'மாற்று உலகம்' என்று அட்டையைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் பீட்டருக்கு மேரி ஜேனோடு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். பத்திரிகையாளர் ஜேம்சனோடு சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்குகிறார். சிலந்தி கடிப்பதே நடுவயதை நெருங்கும்போதுதான். நான்காவது இதழில் சண்டையே கிடையாது. இரண்டு தம்பதிகள் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள். யாருக்கு எவ்வளவு தெரியும், யார் எதை மறைக்கிறார்கள் என்பதை ஒரு குத்துகூட விடாமல் முகங்களை வைத்தே நடத்திக் காட்டியிருக்கிறார் அந்த இதழை வரைந்த டேவிட் மெசினா. நீங்கள் 2007 முதல் கேட்டுக்கொண்டிருந்ததைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள்தான் கை நீட்டவில்லை.

இப்போது பேட்மேன். பையன் வாங்கிய புத்தகத்தை நீங்கள் முழுக்கப் படிக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. படித்திருந்தால் 'ஏழை' என்ற ஒரே புகாரோடு நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அப்பா தாமஸ் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை விலங்குக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போன இடத்தில் சுடப்பட்டுச் சாகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். பேட்மேனாகும் புரூஸ் ஒரு பொறியாளர். மாளிகை, பட்லர், கோடிகள் எதுவும் இல்லை. வழக்கமாகப் பட்லராக வரும் ஆல்ஃபிரட்கூட முதலில் அவரை வேவு பார்க்கத்தான் வருகிறார். வழக்கமாக எதிரிகளாக வரும் பென்குயினும் ரிட்லரும் இதில் புரூஸின் சிறுவயதுக் கூட்டாளிகள். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அதுவே கோடரியின் தலை. பணம் இல்லாதவன் கைக்குக் கிடைத்ததை ஆயுதமாக்குகிறான் என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. இதை எழுதுகிறவர் யாரென்று பார்த்தீர்களா? ஸ்காட் ஸ்னைடர். நீங்கள் கொண்டாடும் ஆந்தைகளின் நீதிமன்றத்தை 2011-ல் எழுதத் தொடங்கிய அதே மனிதர்.

குறை இல்லாமல் இல்லை. நிக் டிரகோட்டா வரைந்த புரூஸ் மனிதனா லாரியா என்று சில பக்கங்களில் சந்தேகம் வருகிறது. ரத்தமும் பதினான்கு வயதுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அன்று சாப்பாட்டு வேளையில் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் பையனும் திருப்பிப் பேசியிருப்பான், உங்கள் அக்காவும் காது கொடுத்திருப்பார். நீங்களோ அசல் எது, போலி எது என்று தீர்ப்பு எழுதப் போய்விட்டீர்கள்.

அசல் என்றால் எந்த அசல்? 1939 மே மாதம் அறிமுகமான பேட்மேனுக்குப் பெற்றோர் கொலையுண்ட கதையே கிடையாது. அது அந்த ஆண்டு நவம்பர் இதழில்தான் வருகிறது. தொடக்கக் கதைகளில் அவர் துப்பாக்கியும் வைத்திருந்தார். ராபின் வந்தது 1940-ல், ஆல்ஃபிரட் 1943-ல். 1938-ல் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும். அமெரிக்காவை விடுங்கள், நம் மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. அது 1962-ல் இங்கிலாந்தில் வந்த கதை. அங்கே அவர் தொடக்கத்தில் மின்சாரத்தைத் தொட்டு மறைந்து திருட்டு வேலை பார்த்தவர், உளவாளியானதெல்லாம் பிறகு. லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவர்தான். அந்தக் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இவர்கள் மாறியபோது நமக்குக் கோபம் வரவில்லை. நாம் பையனின் வயதில் இருந்தோம், அவ்வளவுதான்.

வாங்குவதை நிறுத்தலாமா என்றால், மாதாமாதம் தனி இதழ் வாங்குவதை நிறுத்துங்கள். அமெரிக்காவில் நாலு, ஐந்து டாலர் விலையுள்ள இருபத்துச் சொச்சம் பக்கங்களுக்கு இங்கே நாம் கொடுக்கும் காசு கட்டுப்படியாகாது. பேட்மேன் என்ற பெயர் இருக்கிறதே என்று எதையும் வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர், ஓவியர் நாலைந்து பேரைக் குறித்து வைத்துக்கொண்டு அவர்கள் செய்வதைத் தொகுப்பாக வந்த பிறகு வாங்குங்கள். மார்வெல் என்றால் அவர்களின் சந்தா செயலியில் மூன்று மாதம் பொறுத்தால் புதிய இதழ்கள் வந்துவிடுகின்றன. கெல்லி தாம்சனின் 'அப்சல்யூட் வொண்டர் வுமன்' ஒன்றுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். நரகத்தில் ஒரு சூனியக்காரி வளர்த்த டயானாவை ஹேடன் ஷெர்மன் பக்கங்களை உடைத்து உடைத்து வரைந்திருப்பதைச் சிறிய செல்பேசித் திரையில் பார்ப்பது வீண்.

மருமகனிடம் மன்னிப்புப் படலம் எல்லாம் வேண்டாம், பதினான்கு வயதுக்கு அது சங்கடம். "அந்தப் புத்தகத்தை இரண்டு நாள் கொடு" என்று கேளுங்கள். கொடுத்தால் முழுக்கப் படியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கதையைப் பற்றி உண்மையாகவே தெரியாத ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது குறுக்கே 1939-ஐ இழுக்காதீர்கள். இந்தப் பத்தியில் நான் கொடுத்த தேதிகளை எடுத்துப்போய் அவனிடம் வாதாடினால் நிலைமை இன்னும் மோசமாகும். அவை உங்களுக்காகச் சொன்னவை. 2024 முதல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா நடக்கிறது. டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், கூடப் போங்கள், உள்ளே நுழைந்ததும் அவனை அவன் நண்பர்களோடு விட்டுவிடுங்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகும்போது தமிழ் காமிக்ஸ் அரங்கு பக்கம் அவனாக வந்தால் சரி, இழுத்துப் போகாதீர்கள்.

டிரங்குப் பெட்டியை விற்காதீர்கள். பழைய முத்து, லயன் இதழ்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், விலையும் கிடைக்கும். ஆனாலும் பொறுங்கள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கரையான் இருக்கிறதா என்று பார்த்து, வெயில் படாத இடத்தில் எட்டும்படி வையுங்கள். பூட்டு வேண்டாம். விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைக்காரரிடம் போகுமுன் மாடிக்குப் போய் அவனை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.