ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே வார்டு தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: 15 ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வார்டில் நூலகம் இல்லை, பள்ளிக்குப் போகும் சாலையில் நடைபாதையும் இல்லை. உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட நினைக்கிறேன். வேலையை விட வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்குச் சம்பளம் தருவது யார் என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் அரசுப் பள்ளி ஆசிரியர் பணியில் இருந்தபடி போட்டியிட முடியாது. இங்கிலாந்தின் 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டமோ, எந்த மன்றத்தின் பள்ளியில் வேலை பார்க்கிறாரோ அந்த மன்றத்தில் மட்டும் ஆசிரியர் உறுப்பினராக இருப்பதைத் தடுக்கிறது. தனியார் பள்ளி என்றால் நியமன ஆணையைப் படித்துவிட்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ராஜினாமா செய்ய வேண்டியிருந்தால், கடிதம் கொடுத்ததோடு விடாதீர்கள். விடுவிப்பு ஆணை கைக்கு வந்த பிறகே வேட்புமனு.

அடுத்து, அந்தச் சாலை யாருடையது என்று விசாரியுங்கள். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால், நடைபாதை போடுவேன் என்ற வாக்குறுதியை உங்களால் தனியாக நிறைவேற்ற முடியாது. மன்றத்தின் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். ஒதுக்கியும் செலவாகாத தொகை எங்காவது கிடக்கும். நூலகத்துக்குக் கட்டடச் செலவை மட்டும் கேட்காதீர்கள். நூலகர் சம்பளமும் மின்கட்டணமும் வருடாவருடம் வரும்.

வாக்குக் கணக்கை இப்படிப் போடுங்கள். 4,000 வாக்காளர், 40 சதவீத வாக்குப்பதிவு என்றால் 1,600 வாக்கு விழும். 801 கிடைத்தால் எத்தனை பேர் நின்றாலும் வெற்றி உங்களுக்கு. வீட்டுக்கு நாலு நிமிடம் வைத்தால், ஒரு மாலையில் இரண்டு மணி நேரத்துக்கு 30 வீடு. அதில் பல பூட்டியிருக்கும். 1,500 வீட்டைச் சுற்ற 50 மாலை ஆகும். ஆகவே, மூன்று மாதம் முன்பே இறங்கிவிடுங்கள். நோட்டில் கதவு எண், குறை, ‘உறுதி / யோசிக்கிறார் / இல்லை’ என மூன்றே பத்தி போதும். ஆசிரியர்கள் சறுக்குவது வாசற்படியில்தான்: பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நிமிடம் பேசிவிட்டு, மீதி மூன்று நிமிடம் காது கொடுங்கள்.

உங்களுடைய பெரிய பலம் பெற்றோர்களின் அறிமுகம். வம்பும் அங்கிருந்துதான் வரும். வகுப்பு வாட்ஸ்அப் குழு, பள்ளி ஜெராக்ஸ் இயந்திரம், மாணவர்களோடு எடுத்த படம் எதையும் பிரசாரத்துக்குத் தொடாதீர்கள். ஒரு பெற்றோர் புகார் கொடுத்தாலும் வேலைக்கே சிக்கல். பெற்றோரைப் பார்ப்பதானால் அவர்கள் வீட்டில், பள்ளி நேரத்துக்கு வெளியே, மற்ற வாக்காளரைப் போலவே பாருங்கள்.

மனுவைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள எழுத்துப்படியே பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் வேறு வார்டுக்காரராக இருந்துவிடுவதும் நடக்கும். முன்கூட்டியே கொடுத்தால் திருத்த அவகாசம் உண்டு. முதல் நோட்டீஸ் அடித்த நாளிலிருந்தே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். செலவுக் கணக்கு கேட்கும் இடங்களில் தோற்றவர்களும் அதைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த தேர்தலில் நிற்கவே தடை வரலாம்.