மறு: புதிய படத்தை ஏற்றியும் பழைய படமே வருகிறது

வணக்கம். படங்களைச் சேமித்து வழங்கும் இணையச் சேவையான கிளவுடினரியில் சேலைப் படத்தை அதே பப்ளிக் ஐடியில் (படத்தை அடையாளம் காட்டும் பெயர்) மாற்றி ஏற்றியும் செயலியில் பழைய படமே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பதிவேற்றம் தவறவில்லை. சேமிப்பில் புதிய படம்தான் இருக்கிறது. பழையதைக் காட்டுவது நடுவில் நிற்கும் சி.டி.என். (பயனருக்கு அருகிலிருந்து படங்களைத் தரும் சர்வர்களின் வலை) வைத்திருக்கும் நகல். படத்தின் இணைய முகவரி (யூஆர்எல்) மாறாதவரை அது தன்னிடம் இருப்பதையே கொடுத்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் ஒட்டியிருந்த முகவரியில் 'அப்லோட்' என்ற சொல்லுக்குப் பின் நேராகப் படத்தின் பெயர் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் 'வி' என்ற எழுத்தும் 10 இலக்கப் பதிப்பெண்ணும் வர வேண்டும். ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் சர்வர் தரும் பதிலிலேயே அந்த எண் இருக்கிறது. அதைப் பப்ளிக் ஐடியோடு தரவுத்தளத்தில் சேமித்து, முகவரியை அதிலிருந்து உருவாக்குங்கள். எண் மாறினால் முகவரியும் மாறிவிடும். பயனரின் போனில் தங்கிய நகலும் குறுக்கே வராது.

பதிவேற்றும்போது 'இன்வேலிடேட்' (பழைய நகலைச் செல்லாததாக்கு) என்பதை 'ட்ரூ' என்று கொடுக்கலாம்தான். ஆனால் அது சி.டி.என். நகலை மட்டுமே நீக்கும், அதற்கும் சற்று நேரம் பிடிக்கும். விற்பனைப் படத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

படத்தைவிட அவசரமான ஒன்று: உங்கள் நிரலில் ஏபிஐ ரகசியம் (உங்கள் கிளவுடினரி கணக்குக்கான கடவுச்சொல் போன்றது) செயலிக்குள்ளேயே இருக்கிறது. தயவுசெய்து இன்றே புதிய ரகசியம் எடுத்துப் பழையதை ரத்து செய்துவிட்டு, பதிவேற்ற அனுமதியை உறுதிசெய்யும் கையொப்பத்தை உங்கள் சர்வரில் உருவாக்குங்கள்.