மழை விட்டும் ஓடை தெளியவில்லையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீட்டுக்கு ஓடைத் தண்ணீர்தான். முன்பெல்லாம் மழை விட்ட மறுநாளே தெளிந்துவிடும். இப்போது நான்கைந்து நாளாகியும் செம்மண் கலங்கல் போவதில்லை. ஓடை கெட்டுவிட்டது, ஆர்ஓ போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: ஆர்ஓ கிடக்கட்டும், முதலில் ஓடையைப் பாருங்கள். மழையன்று எந்த மலை ஓடையும் கலங்கத்தான் செய்யும். தெளிய எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் விஷயம். சோலையும் புல்லும் மூடிய சரிவு என்றால் சீக்கிரம் தெளிந்துவிடும். நாள்கணக்கில் நீடித்தால் மேலே எங்கோ மண் திறந்து கிடக்கிறது: பொக்லைன் வெட்டிய பாதையோ, கேரட் தோட்டமோ. ஓடையோரமாக ஏறிப்போங்கள். கிளை ஓடை சேரும் இடத்தில் எது செம்மண்ணாக வருகிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள். அப்படியே ஓட்டத்தில் கிடக்கும் ஒரு கல்லையும் புரட்டுங்கள். அடியில் பூச்சிப் புழுக்கள் ஒட்டியிருந்தால் ஓடைக்கு உயிர் இருக்கிறது. கல்லிடுக்கில் வண்டல் அடைத்திருந்தால் அவற்றுக்கும் இடமில்லை, அவற்றைத் தின்னும் மீனுக்கும் இரையில்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சதுப்பிலிருந்து வரும் ஓடை டீ டிகாஷன் மாதிரி பழுப்பாக இருக்கும். அது கலங்கல் அல்ல, இலைதழை ஊறிய சாயம். கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பின்னால் செய்தித்தாளை வையுங்கள். சாயமென்றால் எழுத்து தெரியும், களிமண்ணென்றால் மங்கிவிடும். நீங்கள் சொல்வது செம்மண், சந்தேகமில்லை.

இனி அந்த ஆர்ஓ விற்பனையாளர். அவர் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் அளக்கும், கலங்கலை அல்ல. அப்புறம் இரண்டு கம்பியை டம்ளரில் விட்டு கரண்ட் கொடுப்பார். உங்கள் தண்ணீர் பழுப்பாகும், அவருடைய ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். பழுப்பெல்லாம் அந்த இரும்புக் கம்பியின் துரு! உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் அவ்வளவாகப் பாயாது, அவ்வளவுதான் வித்தை. அவர் டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள், பெட்டியைக் கட்டிவிடுவார். இந்தக் களிமண்ணுக்கு ஆர்ஓ சவ்வும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

குடிக்க, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டிக் கொதிக்கவையுங்கள். கலங்கலோடு குளோரின் போட்டால் மண் துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் கலங்கல் 1 என்டியுவைத் (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 5 வரை. பரிசோதனைக்குக் கலங்கிய நாளிலேயே மாதிரி எடுங்கள். வெயில் நாளில் ஒரு பாட்டில் பிடித்து ‘தரமானது’ என்று எழுதி வாங்கும் வழக்கத்தால்தான் பாதி ஓடைகள் காகிதத்தில் நன்றாக இருக்கின்றன.

நீலகிரியில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மேலே வெட்டு தெரிந்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு, கலங்கல் தண்ணீர் பிடித்துத் தேதி ஒட்டிய பாட்டில்களையும் எடுத்துப்போங்கள். வெறும் மனு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும்.