உயிலைப் பதிவு செய்தாச்சு; அப்புறம் புரோபேட் எதற்கு?

புரோபேட் என்பது, ‘இது இறந்தவர் எழுதிய கடைசி உயில்தான்’ என்று நீதிமன்றம் சோதித்துத் தரும் சான்று. எழுதியவரை எழுப்பிக் கேட்க முடியாதே! அதனால்தான் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் குறைந்தது 2 சாட்சிகளைக் கேட்கிறது. சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். திண்ணையில் உங்களோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமே கையெழுத்து வாங்கினால், நாளைக்குக் கூண்டேற ஆள் இருக்காது.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் ஒரு விரலியை உடைத்து உள்நிறம் பார்ப்பார்கள்; விளைந்த காடு யாருடையது என்று அங்கே வழக்குப் பேச மாட்டார்கள். புரோபேட்டும் அப்படித்தான். உயில் நிஜமா என்பதை மட்டும் பார்க்கும். சொத்துரிமைச் சண்டைக்குத் தனி வழக்கு. கோவை, ஈரோடு பக்கத்து நிலத்துக்காக இந்துக்கள் ஊரிலேயே எழுதும் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமும் இல்லை.

பதிவு செய்த உயிலை மாற்றவே முடியாது என்பது தவறு. அதே சொத்துக்கு, பின்னாளில் முறைப்படி எழுதிய வெள்ளைத்தாள் உயில்கூட அதைச் செல்லாததாக்கிவிடும்.