வெங்காயத் தாளில் வெள்ளைத் திட்டு: வீட்டுத் தோட்டம் கேள்வி – பதில்

கேள்வி: மொட்டை மாடியில் வளர்ப்புப் பைகளில் சின்ன வெங்காயம் நட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாள் முழுக்க வெள்ளி பூசினாற்போல் வெளுத்து, நுனி சுருண்டு காய்கிறது. சத்துக் குறைவு என்று நினைத்துப் பஞ்சகவ்யா தெளித்தேன். பிறகு வேப்பெண்ணெயும் அடித்தேன். எதுவும் கேட்கவில்லை. என்ன செய்வது? (ஒரு வாசகி, மேடவாக்கம்)

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் இலைப்பேனுக்கு உரியது. உறுதி செய்துகொள்ள ஒரு செடியின் நடுத்தாள்களை இரண்டு விரலால் மெதுவாக விலக்கி, அவை சேரும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில், குச்சி போன்ற பூச்சிகள் ஓடும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் வெள்ளைக் காகிதத்தின் மேல் செடியைத் தட்டிவிட்டு, கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைத் திட்டுகளின் மேல் கரும்புள்ளிகளாக இருப்பது அதன் எச்சம். நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்து, திட்டும் புள்ளியும் இல்லாமல் இருந்தால் அது பேன் அல்ல. உப்புத் தண்ணீரோ, வேருக்குத் தண்ணீர் போதாததோ காரணமாக இருக்கலாம்.

வேப்பெண்ணெய் ஏன் பலன் தரவில்லை? வெங்காயத் தாளின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. சோப்பு சேர்க்காத கரைசல் அதில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். பேனோ தாள் இடுக்குக்குள் பதுங்கியிருக்கிறது. முட்டை தாளின் சதைக்குள் இருக்கும், கூட்டுப்புழு மண்ணில் இருக்கும். இந்த இரண்டுமே தெளிப்பில் சாகாது. வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்திலேயே ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், ஒருமுறை அடித்து நிறுத்தினால் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

முதலில் வெறும் தண்ணீரில் தொடங்குங்கள். காலையில் குழாயின் விசையோடு தாளின் கழுத்துக்குள் பாயும்படி பீய்ச்சினால் கணிசமான பேன்கள் அடித்துப் போகும். மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் பையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். மாலையில் இதைச் செய்யக் கூடாது. தாள் இரவெல்லாம் நனைந்திருந்தால், பேன் சுரண்டிய காயம் வழியாக ஊதாக்கறை நோய் நுழையும். நடுவில் ஊதா நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாக நீள்வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அந்தத் தாளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

அடுத்த நாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய் போதும். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் காதி சோப்பைச் சீவிப் போட்டுக் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால் போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். அதன் பிறகே மீதி நீரைச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கலவை சரியில்லை என்று பொருள். அதை அப்படியே அடித்தால் தாள் கருகும். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும், நடுநடுவே குலுக்க வேண்டும். தெளிப்பான் முனையைச் செடியின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி, கழுத்துக்குள் இறங்கும்படி பிடியுங்கள். முதலில் இரண்டு செடியில் மட்டும் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடிப்பது நல்லது. 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை செய்தால்தான் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளும் அகப்படும்.

வேப்பங்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, சோப்புக் கரைசல் சிறிது சேர்த்து அடிக்கலாம். கொட்டை பூசணம் பிடித்திருந்தால் வேலை செய்யாது.

பஞ்சகவ்யா செடியின் வளர்ச்சிக்கானது. அதைப் பேனுக்கு மருந்தாக நம்ப வேண்டாம். மீன் அமிலம், கடலைப்பிண்ணாக்குக் கரைசல் என்று தழைச்சத்தை வாரம் தவறாமல் ஊற்றினால் தாள் மென்மையாகிப் பேன் பெருகத்தான் செய்யும். பேன் அடங்கும்வரை அவற்றை நிறுத்திவையுங்கள். தாளுக்கு ஒரு சாண் உயரத்தில் நீல ஒட்டும் அட்டை ஒன்று கட்டினால் பறக்கும் பேன்கள் ஒட்டும். அதனால் மட்டும் கட்டுப்படாது என்றாலும், எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: தாளில் ஓட்டை. சில இடங்களில் கண்ணாடி போல் ஒளி ஊடுருவுகிறது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழு. எந்த மருந்து அடிக்கலாம்? (ஒரு வாசகர், பொங்கலூர்)

பதில்: படைப்புழு இனத்தைச் சேர்ந்த புழு அது. குழல் போன்ற தாளுக்குள் புகுந்து, வெளித்தோலை மட்டும் விட்டுவிட்டு உள்சதையைச் சுரண்டித் தின்னும். அதனால்தான் கண்ணாடி போல் தெரிகிறது. உள்ளே போய்விட்ட புழுவின் மேல் எந்தத் தெளிப்பும் படாது. ஆகவே கத்தரிக்கோல்தான் மருந்து. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புழுவும் எச்சமும் நிழலாகத் தெரியும். அதற்குக் கீழே வெட்டி, சோப்பு நீரில் போடுங்கள். ஓரிரு தாள் போவதால் செடி சோர்ந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு தாளின் அடியும் வெங்காயத்தின் ஒரு அடுக்காகிறது என்பதால், காய் பிடிக்கும் முன் நிறையத் தாள்களை இழக்க விடாதீர்கள்.

தாள்மேல் பழுப்புப் பஞ்சு போர்த்தியது போல் முட்டைக் குவியல் தெரிந்தால் உடனே நசுக்கிவிடுங்கள்; ஒரு குவியலிலேயே நூற்றுக்கணக்கில் புழு பொரிக்கும். பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா) நுண்ணுயிர் மருந்து வைத்திருந்தால் புழு சிறிதாக, வெளியே மேயும்போது மாலையில் அடித்தால் பலன் உண்டு. லிட்டருக்கு 2 கிராம், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு.

காலையில் நாற்று மண்மட்டத்தில் வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடந்தால் அது வேறு ஆள்: வெட்டுப்புழு. செடியைச் சுற்றி இரண்டு விரற்கடை ஆழம் கிளறினால் மண் நிறத்தில் சுருண்டு கிடக்கும். இரவு எட்டு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மேலேயே பிடிபடும்.

கேள்வி: தாளில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போகிறது. (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: இலைத்துளைப்பான் ஈயின் புழு. கோடு அகலமாக முடியும் இடத்தில் இரண்டு விரலால் அழுத்தினால் புழு நசுங்கிவிடும். குளவி இனங்கள் இதைத் தாமே கட்டுப்படுத்தும் என்பதால் தெளிப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: செடி மஞ்சளாகி வாடுகிறது. லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது. வேரே இல்லை. மண்ணில் வெள்ளையாகப் புழுக்கள் இருக்கின்றன. (ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: எந்த வெள்ளைப் புழு என்று பார்க்க வேண்டும். ஆங்கிலச் ‘சி’ எழுத்து போல் வளைந்து, பழுப்புத் தலையும் மூன்று இணைக் கால்களும் இருந்தால் வண்டின் புழு. இது பெரும்பாலும் மக்காத சாணத்தோடு தொட்டிக்குள் வருகிறது. பையைச் சாக்கின் மேல் கொட்டிப் பொறுக்கி எடுப்பதைவிட உறுதியான வழி கிடையாது. இனி சாணத்தைச் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன் 12 அங்குலப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு கலக்கலாம்.

காலும் தெளிவான தலையும் இல்லாமல் அரிசி போல் சிறிதாக இருந்தால் ஈயின் புழு. பச்சைச் சமையல் கழிவும் அரைகுறை மக்கிய உரமும் ஈயை முட்டையிட வரவழைக்கும். அவற்றை அகற்றி, மேல் மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: புழு இருப்பதாலேயே அதுதான் செடியைக் கொன்றது என்று ஆகிவிடாது. பிடுங்கிய வெங்காயத்தின் அடித்தட்டு மெத்தென்று அழுகி, வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தால் அடியழுகல் நோய் முதலில் வந்திருக்கும். அழுகலைத் தேடிப் புழு பிறகு வந்திருக்கும். அப்படியானால் பூச்சிக்கு மருந்து ஊற்றுவது வீண். நோய்ப்பட்ட செடியை எடுத்துவிட்டு, பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்த முறை ஒரு கிலோ விதை வெங்காயத்துக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) பூசி நடுங்கள். அந்த மண்ணில் வெங்காயம், பூண்டு மறுபடி வேண்டாம், கீரை போடலாம்.

கேள்வி: அறுவடை செய்த வெங்காயத்தின் தோலுக்கடியில் கரும்பொடி. பூச்சியின் எச்சமா? (ஒரு வாசகி, துறையூர்)

பதில்: இல்லை, கரும்பூசணம். ஈரம் முழுதாகக் காயும் முன் குவித்து வைப்பதால் வருகிறது. பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தாளோடு நிழலில் பரப்பி, கழுத்து சுருங்கிக் காய்ந்த பிறகே தாளை அறுங்கள். பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் சேமிக்கும் பட்டறையைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுவது அடியிலும் காற்றோட்டம் வேண்டும் என்பதற்குத்தான். வீட்டில் மூங்கில் கூடையைச் செங்கல்மேல் வைத்தாலே போதும். கரும்பொடி பிடித்தவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள், விதைக்கு எடுக்காதீர்கள்.