பளிங்கு இல்லாத ஊரில் பளிங்கு

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு அரிசோனா வந்த இடத்தில், டூசானுக்குத் தெற்கே உள்ள சான் சேவியர் தெல் பாக் என்ற கத்தோலிக்கக் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். ‘பாலைவனத்து வெண்புறா’ என்று பெயர். தூரத்தில் அழகுதான். உள்ளே பளிங்கு என்று நினைத்துக் கிட்டே போனால் பெயிண்ட். சுவரில் வரைந்த கதவை நிஜக் கதவு என்று நினைத்துவிட்டேன், மருமகன் சிரித்தார். வலப்பக்கக் கோபுரம் மொட்டை. ஸ்பெயின்காரர்கள் வேலை இவ்வளவுதானா?

– ச.

அன்புள்ள ச.,

அந்தக் கதவிடம் நானும் ஏமாந்தேன். வரைந்தவன் ஜெயித்துவிட்டான், அவ்வளவுதான்.

கோவில் கட்டியது 1783 முதல் 1797 வரை. அப்போது அது ஸ்பெயினின் அமெரிக்கக் காலனியான நியூ ஸ்பெயினின் வடக்குக் கோடி. அப்பாச்சிப் பழங்குடியினர் எப்போது வந்து தாக்குவார்களோ என்ற பயம் வேறு. கையில் இருந்த பணம், ஒரு பண்ணைக்காரரிடம் பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார் கடன் வாங்கிய 7,000 பெசோ. தெற்கே பெரிய ஊர்க் கோவில்களில் பளிங்கு உண்டு, மெருகு ஓடு உண்டு. இங்கே கொண்டுவர வழியில்லை. தூரிகையை எடுத்தார்கள். சுவரடியில் ஓடு பதித்த மாதிரி கட்டம் கட்டமாக வரைந்திருப்பதைக் குனிந்து பார்த்தீர்களா? எனக்கு நிஜப் பளிங்கைவிட அது பிடிக்கும்.

‘ஸ்பெயின்காரர்கள் வேலை’ என்கிறீர்கள். உழைத்தது அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓதாம் மக்கள். ஊரும் அவர்களுடையது. கோவில் இன்றும் தோஹோனோ ஓதாம் நிலத்தில்தான் நிற்கிறது. யேசு சபையின் கினோ பாதிரியார் 1692இல் வந்தார். பின்னால் நோய்கள் வந்தன, 1751இல் ஸ்பெயின்காரர்களை எதிர்த்து ஓதாம் மக்களின் கலகமும் வந்தது. எல்லோரும் மனமுவந்து கட்டினார்கள் என்று நான் பாட்டுப் பாட மாட்டேன். ஆனால் ஞாயிறு பூசைக்கு அங்கே உட்காருகிறவர்களில் அந்த ஊர் ஓதாம் குடும்பங்கள் உண்டு. வெளியே பந்தல் போட்டு, நம் பூரிக்கு அண்ணன் மாதிரி ஒரு ரொட்டியை எண்ணெயில் பொரித்து விற்பதும் அவர்கள்தான். சாப்பிட்டீர்களா, இல்லையா?

இப்போது பூச்சுக்கு வருகிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். போன நூற்றாண்டில் பாதுகாப்பு என்று நினைத்து வெளிப்புறம் சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. உள்ளே போன மழைத்தண்ணீர் வெளியேற முடியாமல் ஓவியங்கள் பக்கம் திரும்பியது. வண்ணம் உரிய ஆரம்பித்தது. கடைசியில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு. அதில் கலப்பது எதை என்கிறீர்கள்? சப்பாத்திக்கள்ளி மட்டையை வேகவைத்து இறக்கிய வழவழப்பான சாறு. நம் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றுவார்களே, அதே புத்தி. நம் ஊரில் பழைய மண்டபங்களுக்குச் சிமெண்ட் பூசிய புண்ணியவான்களை அப்போது நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு, 1992 முதல் 1997 வரை, வெளிநாட்டு வல்லுநர்கள் உள்ளோவியங்களைச் சுத்தம் செய்தார்கள். ஓதாம் இளைஞர்கள் சிலர் கூடவே இருந்து தொழில் கற்றுக்கொண்டார்கள்.

இடப்பக்கச் சிற்றாலயத்தில் போர்வை போர்த்திப் படுத்திருக்கும் மரச்சிலையைக் கவனித்தீர்களோ என்னவோ. அது நம் சவேரியார்தான், கோவில் பெயரில் உள்ள அதே சேவியர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து சொன்ன அதே ஆள். பக்தர்கள் வரிசையில் நின்று சிலையின் தலையை லேசாகத் தூக்குவார்கள். மனச்சாட்சி சுத்தமாக இருந்தால்தான் தலை எழும்பும் என்று நம்பிக்கை. எனக்கு எழும்பியது. என் மனைவி நம்பவில்லை.

மொட்டைக் கோபுரத்துக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பணம் தீர்ந்துபோயிருக்கும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வீடு கட்டிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டுமா?

அடுத்த தடவை போனால் முகப்பை அண்ணாந்து பாருங்கள். ஒரு பக்கம் பூனை, எதிர்ப்பக்கம் எலி. பூனை எலியைப் பிடிக்கும் நாளில் உலகம் அழியுமாம். நான் போனபோது எலி பத்திரமாக இருந்தது.