லொறிக்கு வெளியே என்ன மாட்டலாம், எதை விடலாம்?

பதினான்கரை அடி இசுசு எல்ஃப் லொறி ஒன்று ரீகண்டிஷனாக வாங்கியிருக்கிறீர்கள், வெளியே போடுகிற அக்சசரிஸ் அழகாகவும் இருக்க வேண்டும், பயனும் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு லொறி புறக்கோட்டையில் சாமான் ஏற்றி ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடையில் எதைக் காட்டினாலும் முன்பக்க மினுக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வண்டியில் எப்படிப் பிடிக்கிறது? உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்கிறதா? கொழும்பில் பாதிப் பிரச்சினை இதில்தான். முகத்துவாரம் முதல் கல்கிசை வரை கடற்காற்று உப்போடுதான் வீசும். மட்காட் விளிம்பில் ஒட்டுகிற குரோம் பட்டியை ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளக்கும், உள்ளே ஈரச்சேறு அடைத்துக்கொண்டு தகரம் கறள் பிடித்திருக்கும். டிங்கரிங் செலவு பட்டியின் விலையைவிடப் பல மடங்கு.

பளபளப்பு வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் 201 ரகத்தில் நிக்கல் குறைவு, உப்புக்காற்றில் சீக்கிரம் செம்புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பார்கள். முலாம் பூசிய இரும்பு அதில் மாட்டும், சரி. ஆனால் 201 ரகமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். “முதலாளி, ஸ்டீல் எல்லாம் ஒன்றுதானே” என்று சிரிக்கிற கடையில் வாங்க வேண்டாம். அலுமினியத் தட்டை ஸ்டீல் ஆணியால் பிடிக்கும்போது நடுவில் நைலோன் வாஷர் போடச் சொல்லுங்கள். இரண்டும் நேரே தொட்டு உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த அக்சசரி மிக மலிவானது: சில்லு நட்டுகளில் மாட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு. நட்டை முறைப்படி இறுக்கிய பிறகு, இரண்டிரண்டு அம்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்ட வேண்டும். ஏதாவது ஒரு நட் இளகினால் அதன் அம்பு மட்டும் திசை மாறி நிற்கும். காலையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே கண்ணில் பட்டுவிடும். பிரேக் இறுகிச் சில்லு அளவுக்கு மீறிச் சூடானால் பிளாஸ்டிக் உருகியும் காட்டிக்கொடுக்கும். கறுப்பு ரிம்மில் மஞ்சள் வரிசை பார்க்கவும் எடுப்பாக இருக்கும். குரோம் தொப்பிகளோ இதற்கு நேர்மாறு, நட் இளகினாலும் மூடி மறைத்துவிடும்.

லைட் வாங்குமுன் வோல்டேஜைப் பாருங்கள். எல்ஃப், கேன்டர் போன்ற லொறிகள் பெரும்பாலும் 24 வோல்ட், டிமோ பட்டா என்கிற சின்ன லொறி 12 வோல்ட். 12 வோல்ட் எல்.இ.டி பட்டியை 24 வோல்ட்டில் கொடுத்தால் கருகிவிடும். 10 முதல் 30 வோல்ட் என்று அச்சிட்டவை இரண்டுக்கும் சரிவரும். தனி ஃபியூஸ் கட்டாயம். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் அம்பர், அதோடு போதும். நீலம் மினுக்கினால் பொலிஸ் நிறுத்தத்தான் செய்யும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீ லங்கா திட்டத்தோடு பஸ், முச்சக்கரவண்டிகளில் இருந்து மேலதிக அலங்காரங்களைக் கழற்றவைத்தது நினைவிருக்கும்.

ஒளி தெறிக்கும் ஸ்டிக்கர் பட்டியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இரவில் ஏ9 வீதி ஓரத்தில் லைட் அணைத்து நிற்கும் லொறியை மோட்டார் சைக்கிள்காரனுக்குக் காட்டுவது அதுதான். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் அல்லது வெள்ளை. அடுத்தது இடப்பக்கக் குவிகண்ணாடி. புறக்கோட்டைச் சந்துகளில் சுமை தூக்கும் நாட்டாமைமார் கைவண்டியோடு இடப்பக்கம் நுழைந்தால் சாதாரணக் கண்ணாடியில் தெரியமாட்டார்கள்.

முன்னால் இரும்புக் கம்பிக்கூடு வேண்டாம். முன் அச்சில் வீண் பாரம், குறுக்கே வருகிற மனிதருக்கும் ஆபத்து. காற்று ஹோர்னும் வேண்டாம். காற்றுப் பிரேக் உள்ள வண்டியென்றால் பிரேக் காற்றுத் தாங்கியிலிருந்து சும்மா ஒரு குழாய் இழுத்துவிடுவார்கள், அது கசிந்தால் பிரேக்கின் காற்றுதான் குறையும். கூரையில் வைக்கிற காற்றுத்தடுப்பு வேகமாக ஓடினால்தான் பலன் தரும், ஆமர் வீதி நெரிசலில் அது வெறும் தொப்பி.

அலங்காரம் என்றால் பெயிண்டர் கையால் எழுதும் பெயர்தான் என் தெரிவு. நெற்றியில் ‘முருகன் துணை’, பின்கதவில் பிள்ளைகளின் பெயர். ஸ்டிக்கர் வெயிலில் உரியும், பெயிண்ட் நிற்கும். முன்கண்ணாடியில் மட்டும் எதுவும் வேண்டாம்.

சாமானுக்குப் பஞ்சிகாவத்தை, நட்டு ஆணிக்குப் பழைய சோனகத் தெரு. பூட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட விடாதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். வெல்டிங் தொடங்குமுன் வெல்டர் பெட்டரி வயரைக் கழற்றினாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் கம்பியூட்டர் போய்விடலாம்.